காக்கை, நத்தை, நான்கு கட்டம்: 31 நாள் வரைந்து பார்த்தது

ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் 2009இல் தொடங்கி வைத்த இன்க்டோபர் வழக்கப்படி, அக்டோபர் முழுக்க நாளுக்கு ஒரு மை ஓவியம் வரைய வேண்டும். இணையத்தில் நானிருக்கும் சின்ன ஓவியக் குழு தனக்கென்று ஒரு சொற்பட்டியல் போட்டுக்கொண்டது. எந்தச் சொல் வந்தாலும் ஒரு காக்கையையும் ஒரு நத்தையையும் வைத்து நான்கு கட்டத்துக்குள் சிரிக்க வைப்பது என்று முடிவு செய்தேன். 31 நாளில் 26 படம் முடிந்தது.

முதல் வாரம் சிரிப்பே வரவில்லை. நகைச்சுவையை வசனத்தில் தேடிக்கொண்டிருந்தேன். ஜப்பானியர்கள் யோன்கோமா என்று சொல்லும் நான்கு கட்டக் கதைகளைப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு என்பது அதன் வரிசை. நான் திருப்பத்தைக் கடைசிக் கட்டத்தில் வைத்திருந்தேன். அதை மூன்றாவதுக்குத் தள்ளியதும் நான்காவது கட்டம் அந்த இருவரின் முகத்துக்கென்றே மிஞ்சியது.

ஒன்பதாம் நாள் சொல் ‘பாரம்’. காக்கை நத்தையைத் தூக்கப் பார்க்கிறது, முடியவில்லை. கடைசியில் நத்தை காக்கையைச் சுமந்து போகிறது. மை போடுவதற்கு முன், பென்சில் கோட்டோடு அப்படியே குழுவில் போட்டேன். முடித்த படத்துக்கு ‘அருமை’ என்று வரும், அதுவும் சந்தோஷம்தான். பாதியில் நிற்கும் படத்துக்குத்தான் கேள்வி வருகிறது.

“காக்கை யாரைப் பார்க்கிறது?” என்று ஒருவர் கேட்டார். நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது! கருவிழியை அழித்து, ஒரு மில்லிமீட்டர் கீழே தள்ளி, நத்தையைப் பார்க்க வைத்தேன். உடனே அந்தப் பறவைக்கு வெட்கம் வந்துவிட்டது. இன்னொருவர், தரையில் வாழும் நத்தைக்குப் பெரும்பாலும் கண் மேல்கொம்பின் நுனியில் இருக்கும் என்றார். நான் அதுவரை முகத்தில் வரைந்திருந்தேன். அப்புறம் என்ன, ஒரு கண் மேலே காக்கையைப் பார்க்க, இன்னொரு கண் வழியைப் பார்க்க, வசனமே தேவைப்படவில்லை. இந்த மாதம் எனக்கு மிகப் பிடித்த படம் அதுதான்.

ஒன்றும் தோன்றாத நாட்களில் அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்பைத் திறந்தேன். நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் காப்புரிமை இல்லாத படைப்புகளின் படங்களை 2017 முதல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கிறது. பழைய அச்சுப் படங்களில் பறவை மட்டும் தேடி, ஒரு நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்து கிறுக்கினால் கை தானாக இளகிவிடும். மை நன்றாகக் காயும்வரை ரப்பரைத் தொடாதீர்கள். இரண்டு படம் அப்படித்தான் போயிற்று.

நேற்று குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர் பென்சிலில் ஒரு நண்டு போட்டிருந்தார். அது எங்கே பார்க்கிறது என்று கேட்டிருக்கிறேன்.