கோம்பிக்கு எந்த டிஸ்ட்ரிபியூட்டர்? பாயின்ட்டிலிருந்து எலக்ட்ரானிக் வரை

என் வேன் 70களின் ஃபோக்ஸ்வேகன் கோம்பி. பின்னால் 1600 சிசி இரட்டைப் போர்ட் எஞ்சின், மேலே ஒற்றை 34 பிக்ட்-3 கார்புரேட்டர், பக்கத்தில் போஷ் 009 டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் நேரம் பார்த்துப் பொறியை அனுப்பும் பாகம். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பழைய ஃபோக்ஸ்வேகன் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நின்ற இடத்திலிருந்து கிளட்சை விட்டு பெடலை மிதித்ததும் எஞ்சின் ஒருமுறை திக்கும், அப்புறம்தான் இழுக்கும். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தோட்டப் பாதையிலிருந்து பெரிய ரோட்டில் ஏறும்போது செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தால், அந்த ஒரு நொடி ரொம்ப நீளம்.

பட்டறை அங்கிளிடம் சொன்னால் ஒரே பதில்தான். "எலக்ட்ரானிக் போட்டுரு தம்பி, எல்லாம் சரியாயிரும்லா." அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவரிடம் வரும் பழைய வண்டிகளில் பாதி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சின்ன உலோகத் தொடுமுனையான பாயின்ட் தேய்ந்துபோய் வருபவை. ஆனால் என் வேன் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. பொறிக்கான உயர் அழுத்த மின்சாரத்தைத் தரும் காயிலுக்குப் போகும் கரண்டை நேரம் பார்த்து வெட்டுவது ஒன்று. பாயின்ட் செய்வதும், அதற்குப் பதிலாக வரும் எலக்ட்ரானிக் மாட்யூல் செய்வதும் இது மட்டும்தான். எந்த வேகத்தில், எந்தச் சுமையில் பொறி எத்தனை டிகிரி முன்கூட்டியே விழ வேண்டும் என்பது இன்னொன்று. அதை உள்ளே சுற்றும் எடைகளும் ஸ்பிரிங்கும், வெளியே ஒட்டியிருக்கும் வேக்குவம் டப்பாவும் பார்த்துக்கொள்ளும். 009இல் வேக்குவம் டப்பாவே கிடையாது. இல்லாத டப்பாவின் வேலையை மாட்யூல் எப்படிச் செய்யும்?

சந்தேகத்தை வைத்துக்கொண்டு காசைச் செலவழிப்பதைவிட, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். முதலில் மற்ற காரணங்களைத் தள்ள வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறியபிறகு வால்வு இடைவெளியை 0.15 மில்லிமீட்டருக்கு வைத்தேன். பாயின்ட் இடைவெளி 0.4. கார்புரேட்டரின் பம்பு ஜெட் பெடலை மிதித்ததும் நல்ல தாரையாக பெட்ரோல் அடிக்கிறதா என்று மேலிருந்து பார்த்தேன், அடித்தது. இன்டேக் குழாய் ரப்பர்களைச் சுற்றிக் காற்றுக் கசிவு இல்லை. எல்லாம் சரி, திக்கல் மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்து, ஒரு நண்பரிடமிருந்து காந்தத்தை உணர்ந்து வேலை செய்யும் ஹால் சென்சார் மாட்யூல் ஒன்றை இரவல் வாங்கி 009இலேயே மாட்டினேன். ரோட்டருக்கு அடியில் ஒரு காந்த வளையம், பாயின்ட் இருந்த இடத்தில் மாட்யூல், காயிலின் இரண்டு முனைகளுக்கும் இரண்டு ஒயர், அவ்வளவுதான். பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டில் வித்தியாசம் உடனே தெரிந்தது. பாயின்ட்டோடு ஓடும்போது புல்லியின் குறி ஓரிரண்டு டிகிரி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தது. இப்போது வரைந்து வைத்ததுபோல் நின்றது. காலையில் ஸ்டார்ட் ஆவதும் சுலபமானது. ஆனால் பெடலை மிதித்தால் அதே திக்கல், துளிகூடக் குறையவில்லை.

அதாவது எனக்கு வேண்டியது வேக்குவம் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர். அது எலக்ட்ரானிக்காகவும் இருந்தால் நல்லது. இந்த வரிசைதான் முக்கியம். பலர் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

வேக்குவம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டரில், பெடலை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தட்டுக்குச் சற்று மேலே ஒரு சிறிய துளை இருக்கிறது. ஐடிலில், அதாவது பெடலைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, தட்டு மூடியிருப்பதால் அந்தத் துளைக்கு உறிஞ்சல் கிடைக்காது. பெடலை லேசாக மிதித்துத் தட்டு திறந்ததும் துளையில் உறிஞ்சல் பிறக்கும், டப்பாவுக்குள் இருக்கும் டயாஃபிரம் இழுபடும், எஞ்சின் வேகம் ஏறுவதற்கு முன்பே டைமிங் முன்னால் போய்விடும். 009இலோ எஞ்சின் வேகம் ஏறினால்தான் எடைகள் விரியும், அப்புறம்தான் டைமிங் நகரும். 34 பிக்ட்-3 ஐடிலில் பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கும் கார்புரேட்டர். வேக்குவம் டிஸ்ட்ரிபியூட்டரோடு சேர்ந்து ஓடுவதற்காக அமைக்கப்பட்டது. அதற்கு 009ஐ ஜோடி சேர்த்தால் இடையில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் திக்கல்.

அப்புறம் எதை வாங்குவது என்ற கேள்வி. 70களின் தொடக்கத்தில் சில எஞ்சின்களுக்குத் தொழிற்சாலையே கொடுத்த இரட்டை வேக்குவம் வகை ஒன்று இருக்கிறது. ஐடிலில் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து, 0 டிகிரி தாண்டி 5 டிகிரியில் வைக்கும் வகை. பழையது கிடைத்தாலும் தண்டு ஆடும், டயாஃபிரம் கிழிந்திருக்கும். அதைச் சரிசெய்யும் பொறுமை எனக்கு இல்லை. இன்னொரு பக்கம் நெதர்லாந்தின் 123. உள்ளே எடையும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. அடியில் சின்ன சுவிட்சைத் திருப்பினால் பொறி எவ்வளவு முன்கூட்டி விழ வேண்டும் என்று சொல்லும் 16 வகை அட்வான்ஸ் வளைவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். போனில் இணைத்து வளைவை நாமே வரையும் மாடலும் உண்டு. அருமையான பொருள், ஆசையும் இருந்தது. விலை மற்றதைப்போலச் சில மடங்கு. ஆனால் என்னைத் தடுத்தது விலை இல்லை. அது நின்றுவிட்டால் நடுவழியில் என்னால் எதுவும் செய்ய முடியாது. நான் போகும் செம்பனைத் தோட்டத்து மண்பாதைகளில் போன் சிக்னலே சில இடங்களில் எடுக்காது.

கடைசியில் நின்றது எஸ்விடிஏ எனப்படும் ஒற்றை வேக்குவம் வகை, உள்ளே எலக்ட்ரானிக் மாட்யூலோடு வந்த புது வார்ப்பு. மாட்யூல் செத்தால் அதைக் கழற்றிவிட்டு அதே தட்டில் பாயின்ட்டும் கண்டென்சரும் மாட்டி வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம். எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக்கூடாது. வேக்குவம் டப்பாவில் சின்ன ஹோஸைச் சொருகி வாயால் உறிஞ்சினால் உள்ளே தட்டு நகர வேண்டும். நாக்கால் அடைத்துப் பிடித்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் டயாஃபிரம் ஓட்டை. எனக்கு வந்தது நன்றாகப் பிடித்து நின்றது. காயிலையும் அளந்துகொள்ளுங்கள். நான்கு சிலிண்டருக்கான சாதாரண ஹால் மாட்யூல்களுக்கு பிரைமரி ரெசிஸ்டன்ஸ் 1.5 ஓமுக்குக் குறையக்கூடாது. என் போஷ் நீலக் காயில் 3 ஓமுக்கு மேல் காட்டியது, பிரச்சினை இல்லை. பிளஸ் மைனஸ் ஒயரை மாற்றிக் கொடுத்தால் மாட்யூல் அந்த நிமிடமே போய்விடும். எஞ்சின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவிட்டு ரேடியோ கேட்டாலும் சில மாட்யூல்கள் சூடேறிச் சாகும். வீட்டில் தங்கச்சி பையனுக்கு இதை முதலில் சொல்லி வைத்தேன், பாட்டு போடுவது அவன்தான்.

மாட்டுவது சிரமமில்லை. எஞ்சினைச் சுற்றி 1ஆம் சிலிண்டருக்கு ரோட்டரை டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பிலுள்ள கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, பழையதை உருவி, புதியதை இறக்கினேன். அடியில் இருக்கும் பல் நடுவிலிருந்து சற்று விலகி வெட்டப்பட்டிருப்பதால் ஒரே பக்கமாகத்தான் உட்காரும். பிளக் ஒயர்கள் ரோட்டர் சுற்றும் திசையில் 1-4-3-2. கார்புரேட்டருக்கு 3.5 மில்லிமீட்டர் துணி பின்னிய ஹோஸ்.

டைமிங் வைப்பதில்தான் நேரம் போனது. ஹோஸைக் கழற்றி முனையை அடைத்து, எஞ்சினை 3000க்கு மேல் ஏற்றி, அட்வான்ஸ் இனி நகராது என்ற இடத்தில் டைமிங் லைட்டால் பார்க்க வேண்டும். 28 முதல் 32 டிகிரிவரை என்பது இந்த எஞ்சின்களுக்குப் பழகிய கணக்கு. நான் 28இல் நிறுத்தினேன். இந்த எஞ்சினின் அழுத்த விகிதம் 7.5க்கு 1தான், ரோன் 95 பெட்ரோல் தாராளமாகப் போதும். ஆனாலும் இங்கே மதிய வெயிலில் ஆளும் சாமானும் ஏற்றி மலை ஏறும் வண்டிக்குச் சில டிகிரி பத்திரம் இருக்கட்டும். காற்றுக் குளிர்ச்சி எஞ்சினில், கலவை தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் சத்தம் விசிறிச் சத்தத்தில் அமுங்கிவிடும், காதை நம்ப முடியாது. ஹோஸை மாட்டியதும் சீரான ஓட்டத்தில் குறி 40ஐ ஒட்டிப் போனது. பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்; சுமை குறைவாக இருக்கும்போது சிலிண்டருக்குள் கலவை அடர்த்தி இல்லாமல் மெதுவாக எரியும், அதற்கு அவ்வளவு முன்கூட்டிப் பொறி வேண்டும்.

டைமிங் மாறியதால் ஐடிலும் மாறிவிட்டது. இங்கே பலர் கை வைப்பது த்ராட்டில் நெம்புகோலில் இருக்கும் ஸ்குருவில். அதைத் திருகினால் தட்டு அந்த வேக்குவம் துளையைத் தாண்டிப் போய், ஐடிலிலேயே அட்வான்ஸ் வந்து எல்லாம் குழம்பிவிடும். கார்புரேட்டரின் இடப்பக்கம் இருக்கும் பெரிய பைபாஸ் ஸ்குருவில்தான் வேகத்தை வைக்க வேண்டும், பக்கத்திலுள்ள சின்னது கலவைக்கு. 850க்கும் 900க்கும் நடுவில் வைத்தேன்.

சோதனைக்கு எனக்குப் பிடித்த வட்டம் ஒன்று உண்டு. பழைய ரோட்டில் கோலகங்சார், அங்கிருந்து வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி மெனோரா சுரங்கப்பாதை மேடு, ஜெலாப்பாங்கில் இறங்கி செமோர் வழியாக வீடு. டவுன், சமதளம், நல்ல ஏற்றம் மூன்றும் கிடைக்கும். டவுனில் திக்கல் சுத்தமாகப் போய்விட்டது. முதல் கியரில் கிளட்சை விட்டதும் வண்டி அப்படியே கிளம்புகிறது. சமதளத்தில் 80இல் போகும்போது 3ஆம் சிலிண்டர் பிளக்குக்கு அடியில் வைத்திருக்கும் வெப்ப சென்சார் முன்னைவிடக் கொஞ்சம் இறங்கிக் காட்டியது. மெனோரா ஏற்றத்தில் எந்த மாற்றமும் இல்லை. லாரிகளுக்குப் பின்னால் மூன்றாவது கியரில் அதே வேகம், அதே சூடு. பெடலை முழுக்க மிதித்தால் வேக்குவம் விழுந்துவிடும், 009இல் இருந்த அதே டைமிங்தான் மிஞ்சும் என்பதால் நானும் அங்கே ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. மேட்டில் இழுவை கூடும் என்று யாராவது சொல்லி இதை விற்றால் நம்பாதீர்கள்.

இரவல் மாட்யூலை நண்பருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 009இல் பழையபடி பாயின்ட்டையே மாட்டி, அதன் உடம்பிலும் எஞ்சின் பிளாக்கிலும் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, பின் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். குளுவாங்கில் பீட்டில் வைத்திருக்கும் மச்சான் அதை விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை.