இரவுப் பணியும் மலைப் பகல்களும்

வாரத்தில் 3 இரவுகள், ஒவ்வொன்றும் 12 மணி நேரம் என்ற முறைப்பணியை நான் கேட்டு வாங்கிக்கொண்டதற்குக் கூடுதல் படி காரணமன்று. மீதமுள்ள நாள்களை மலையேற்றத்திற்கு முழுமையாகக் கொடுக்க விரும்பியதே காரணம். 36 மணி நேரத்தில் வாரத்தின் வேலை முடிந்துவிடுவதால், பிறர் அலுவலகத்தில் இருக்கும் செவ்வாய், புதன் கிழமைகளில் ஒற்றையடிப் பாதைகளில் கூட்டமின்றி நடக்கிறேன். மழை வருமென்று வானிலை அறிக்கை சொன்னால் பயணத்தை மறுநாளுக்குத் தள்ளிவைக்கவும் முடிகிறது. வார இறுதியை மட்டுமே நம்பியிருந்த காலத்தில் இது வாய்த்ததே இல்லை.

ஆனால் நம் உடலின் கடிகாரம் பெரும்பாலும் வெளிச்சத்தைக் கொண்டே தன்னைச் சரிசெய்துகொள்கிறது. தொடக்கத்தில், இரவெல்லாம் விழித்திருந்துவிட்டுக் காலையில் நேரே மலையடிவாரத்துக்கு வண்டியோட்டிச் செல்வேன். ஒருநாள் கண்ணயர்ந்து, சக்கரம் சாலையோர மண்ணில் இறங்கிய பிறகு அப்பழக்கத்தை அடியோடு விட்டுவிட்டேன். தொடர்ந்து 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவரின் கவனம், மது அருந்தியவரின் கவனத்தைப் போலவே மங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடலின் நாள்சுழற்சியைக் குலைக்கும் முறைப்பணியை அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றுள் ஒன்றாக 2007இல் வகைப்படுத்தியதையும் இந்த வேலையை விரும்புவோர் அறிந்திருக்க வேண்டும். ஆகவே, கடைசி இரவுப் பணிக்கு அடுத்த பகல் முழுவதையும், தடித்த திரையிட்ட இருட்டறையில், உறக்கத்துக்கென்றே ஒதுக்கிவிடுகிறேன். மலை அதற்கு மறுநாள்தான்.