இரண்டு வருட கார்டு: ஐ-751 நாட்குறிப்பு

மார்ச் 8, 2025, எடிசன், நியூ ஜெர்சி

என் கிரீன் கார்டு ஜூலை 10-ஆம் தேதியோடு காலாவதி. எங்கள் கல்யாணம் 2021 ஆவணியில். நான் இங்கே வந்து இறங்கியது 2023 ஜூலையில். நாட்டுக்குள் நுழையும் அன்று கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறையவில்லை என்றால் கண்டிஷனோடு இரண்டு வருட கார்டுதான். எனக்கு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் குறைந்தது. போலிக் கல்யாணங்களைத் தடுக்க 1986-இல் வந்த சட்டம் இது. காலாவதிக்கு முந்தைய 90 நாளுக்குள், அந்தக் கண்டிஷனை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவை இருவரும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். எங்களுக்கு அது ஏப்ரல் 11-இல் தொடங்குகிறது. மனு அதற்கு முன்னால் போனால் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மார்ச் 15

சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். இருவர் பெயரும் உள்ள லீஸ், கார் இன்ஷூரன்ஸ், இவருடைய 401(கே) என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் நான் வாரிசு என்று காட்டும் பக்கம். சேர்ந்து வரி கட்டியதற்கு ஐஆர்எஸ் என்ற வரித்துறையின் தளத்திலிருந்தே டிரான்ஸ்கிரிப்ட் (வரிக் கணக்கின் பதிவு) எடுத்தோம், காசு கிடையாது.

ஜாயிண்ட் அக்கவுண்ட் இருக்கிறது என்று காட்டுவது மட்டும் போதாது. அதில் குடும்பம் நடப்பது தெரிய வேண்டும். எங்கள் ஸ்டேட்மெண்டில் இவர் சம்பளம் வருகிறது, வாடகை போகிறது, இந்தியக் கடையில் அரிசி வாங்கியது இருக்கிறது, என் கோர்ஸ் ஃபீஸ் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கும் பரவலாக மாதங்களைப் பொறுக்கி எடுத்தேன். கல்யாண ஆல்பத்தை அப்படியே வைக்கிறவர்கள் உண்டு. தாலி கட்டும் படம் ஒன்றிரண்டு போதும் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு எப்படி வாழ்கிறோம் என்றுதானே கேட்கிறார்கள்?

மார்ச் 23

கல்யாண நாளிலிருந்தே ஆதாரம் வேண்டும். விசாவுக்காக நான் மதுரையிலும் இவர் இங்கேயும் இருந்த காலத்துக்கு இவருடைய விமான டிக்கெட்டுகள், பாஸ்போர்ட் முத்திரைகள், பணம் அனுப்பிய ரசீதுகள். தமிழில் இருக்கும் எதை வைத்தாலும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட சான்றும் கூடவே போக வேண்டும். கல்யாணப் பத்திரிகையை மட்டும் வைத்தேன்.

ஏப்ரல் 2

இன்று மனசே சரியில்லை. தெரிந்த பெண் ஒருத்தி போன் செய்தாள். "கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்கு மூட்டை கட்டு" என்கிறானாம் புருஷன். அடியும் உண்டு. "அவர் போடலேன்னா எல்லாம் போச்சா அக்கா?" என்று அழுதாள்.

போகாது. இதை நம் பெண்கள் ஒவ்வொருத்திக்கும் சொல்ல வேண்டும். அடி, கொடுமை இருந்தால் அவள் தனியாகவே ஐ-751 போடலாம். விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, 90 நாள் கணக்கும் கிடையாது. அவள் கல்யாணம் செய்தது உண்மையான எண்ணத்தோடு என்பதையும் நடந்த கொடுமையையும் காட்ட வேண்டும். டாக்டர் சீட்டு, போலீஸ் புகார், மெசேஜ், தெரிந்தவர்கள் எழுதித் தருவது எல்லாம் உதவும். 1-800-799-7233 என்ற குடும்ப வன்முறை உதவி எண்ணைக் கொடுத்தேன், மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார். காகிதங்களின் பிரதியை வீட்டுக்கு வெளியே பத்திரப்படுத்தச் சொன்னேன். குடிவரவு வக்கீலைப் பார்க்க இந்த வாரம் கூட்டிப்போகிறேன்.

ஏப்ரல் 6

எங்கள் இருவரையும் அறிந்தவர்களிடம் அஃபிடவிட், அதாவது கையெழுத்திட்ட வாக்குமூலம், வாங்கினோம். "நல்ல தம்பதி" என்று மட்டும் எழுதினால் பயனில்லை, கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும். கீழ் வீட்டுப் பாட்டி எழுதியதைப் படித்து இவர் கண் கலங்கிவிட்டார். இவருக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்த இரவு, கார் ஓட்டத் தெரியாத என்னை அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மறுநாள் நான் கஞ்சி வைத்து எடுத்துப் போனதைக்கூட எழுதியிருக்கிறார். இன்னொன்று இவருடைய ஆபீஸ் நண்பர் தந்தது.

ஏப்ரல் 14

தமிழ்ப் புத்தாண்டு. காலையில் பூஜை முடித்து, மதியம் தபாலில் சேர்த்தோம். கட்டணம் 750 டாலர். கார்டின் இரு பக்கப் பிரதியும் வைத்தாச்சு. மொத்தத்தையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன்.

மே 3

ரசீது வந்துவிட்டது! கார்டு காலாவதித் தேதியிலிருந்து 48 மாதம் நீட்டிப்பு. பழைய கார்டோடு இந்தக் கடிதத்தையும் காட்டினால் வேலைக்கும் பயணத்துக்கும் செல்லும். இன்னும் ஆதாரம் கேட்கலாம், நேர்காணலுக்கும் கூப்பிடலாம்; அதனால் மாதாமாதம் ஸ்டேட்மெண்டைச் சேமிப்பது தொடரும். அந்தப் பெண்ணின் மனுவை வக்கீல் எடுத்துக்கொண்டார். அவளுடைய அஃபிடவிட்டில் ஒன்று நான் எழுதுகிறேன்.