ஐபிஏ தாளில் 800 வெள்ளி, கையில் 468

2017 டிசம்பரில், திருச்சி விமான நிலையத்தின் வாசலில் வைத்துத்தான் ஏஜெண்ட் என் ஐபிஏ தாளைக் கொடுத்தார். சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் அந்த அனுமதிக் கடிதத்துடன் இருந்த தமிழ்ப் பிரதியில், அடிப்படைச் சம்பளம் மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று அச்சாகியிருந்தது. எனக்குச் சொல்லப்பட்டதோ நாளுக்கு 18 வெள்ளி, அதாவது 26 நாளுக்கு 468. விவரம் கேட்டதற்கு, "அது கவர்மெண்டுக்குக் காட்டுற கணக்கு தம்பி" என்றார். கூட்டுறவு வங்கியில் நகையை வைத்தது போக மீதிப் பணத்தை வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்த எனக்கு, அந்த வாசலிலிருந்து ஊருக்குத் திரும்பும் துணிச்சல் வரவில்லை. தாளைக் கைப்பேசியில் படம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஆங்கிலத்தில் இருந்த நான்கைந்து தாள்களில் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவற்றில் ஒன்றில் தொகை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. துவாஸ் பகுதியில் இருந்த தொழிலாளர் விடுதியிலிருந்து விடியுமுன் லாரியின் பின்புறத்தில் ஏறினால் திரும்ப இரவு பத்தாகும். ஓ.டி. என்ற கூடுதல் நேர வேலைக்கு மணிக்கு 3 வெள்ளி கொடுத்தார்கள். "சேமிப்பு" என்று மாதம் 50 வெள்ளியைப் பிடித்துக்கொண்டார்கள். சம்பளம் ரொக்கமாக வந்தது, சம்பளச் சீட்டு வரவில்லை. கேள்வி கேட்டவர்களுக்குச் சூப்பர்வைசர் சொன்ன பதில் ஒன்றுதான்: வேலை பெர்மிட்டை கேன்சல் செய்து ஊருக்கு ஏற்றிவிடுவேன் என்பது. அது வெற்று மிரட்டல் அன்று. முதலாளி நினைத்தால் பெர்மிட்டை ரத்து செய்ய முடியும், கடனோ நம் தலையில் அப்படியே நிற்கும்.

அறையில் இருந்த மூத்த அண்ணன் ஒருவர் சொல்லித்தான் சிறு டைரி ஒன்றில் தினமும் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சைட்டின் பெயர் ஆகியவற்றை எழுதத் தொடங்கினேன். வருகைத் தாளைச் சூப்பர்வைசர் எடுத்துப் போகுமுன் படமும் எடுத்தேன். அப்போது அது வழக்குக்கு என்று தோன்றவில்லை. ஏமாறும் தொகையாவது சரியாகத் தெரியட்டும் என்ற வீம்புதான்.

2018 நவம்பரில், ஒரு விடுப்பு நாளில், பெண்டமீர் சாலையில் உள்ள அமைச்சின் சேவை நிலையத்துக்குச் சென்று விசாரித்து, சம்பளத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் டிஏடிஎம் அமைப்பில் கோரிக்கை பதிந்தேன். வேலையில் இருப்பவர் ஓராண்டுக்கு உட்பட்ட பாக்கியை மட்டுமே கோரலாம், வேலையை விட்டவருக்கு ஆறு மாத அவகாசம்தான் என்பது அங்கேதான் தெரிந்தது. ஒப்பந்தம் முடியட்டும் என்று நான் பொறுத்திருந்தால் முதல் மாதங்களின் பணம் கைவிட்டுப் போயிருக்கும்.

ஓ.டி. கணக்கையும் அங்கேதான் கற்றேன். மாதச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 வாரத்தையும் 44 மணியையும் பெருக்கி வரும் 2,288ஆல் வகுத்தால் ஒரு மணிக்கான கூலி கிடைக்கும். அதில் ஒன்றரை மடங்குதான் ஓ.டி. 800 வெள்ளிக்கு அது 6.29. என் டைரியில் இருந்த 770 மணி நேர ஓ.டி.க்குக் கிடைக்காமல் போன பணம், 11 மாதச் சம்பளக் குறைவு, "சேமிப்பு" மூன்றையும் சேர்த்தபோது 6,700 வெள்ளியைத் தாண்டியது.

நான் எதிர்பார்த்தபடியே நிறுவனம் பெர்மிட்டை ரத்து செய்தது. கோரிக்கை முடியும்வரை சிங்கப்பூரில் தங்கியிருக்க ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிக அனுமதி கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. லிட்டில் இந்தியாவில் டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பு என்னைப் போன்றவர்களுக்குக் கொடுத்த இலவசச் சாப்பாட்டில்தான் அந்த வாரங்கள் கழிந்தன. வீட்டுக்கு மட்டும், வேலை நடக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் சமரசக் கூட்டத்தில் முதலாளி தரப்பு, நான் 468 வெள்ளிக்குச் சம்மதித்ததாக ஒரு தாளை நீட்டியது. கையெழுத்து என்னுடையதுதான். ஐபிஏ தாளில் உள்ள சம்பளத்தைக் குறைப்பதை அமைச்சுக்கு முறையாகத் தெரிவித்தீர்களா என்று சமரசம் செய்தவர் கேட்டபோதுதான் அவர்கள் தடுமாறினார்கள். டைரியை "வீட்டில் உட்கார்ந்து எழுதியது" என்றவர்கள், வருகைத் தாள்களின் படங்களைப் பார்த்தபின் அந்தப் பேச்சை விட்டார்கள்.

இரண்டாம் கூட்டத்தில் 4,200 வெள்ளி தருவதாகச் சொன்னார்கள். மறுத்தால் பரிந்துரைச் சான்றிதழ் பெற்று, நான்கு வாரத்துக்குள் வேலை நியமன உரிமைகோரல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இரு தரப்புக்கும் அனுமதி இல்லை என்பதால் செலவும் அதிகம் ஆகாது. சட்டப்படி என் கை ஓங்கியிருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் இன்னும் எத்தனை மாதம் சம்பாத்தியம் இல்லாமல் இருப்பது என்ற கணக்கு விட்டுக்கொடுக்கும் 2,500 வெள்ளியை விடப் பெரிதாகத் தெரிந்தது. கையெழுத்திட்டேன், இந்த முறை, ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்ப்பாளரைத் தமிழில் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு.

பணம் இரண்டு தவணையாக வந்தது. வேறு முதலாளியைத் தேடிக்கொள்ள அமைச்சு அனுமதித்ததால் ஊருக்குத் திரும்பாமல் புது பெர்மிட்டில் சேர்ந்தேன். என்னையும் சேர்த்து அதே தாள்களில் கையெழுத்திட்ட ஒன்பது பேரில் கோரிக்கை பதிந்தது நானும் இன்னொருவரும் மட்டும்தான். மற்ற ஏழு பேருக்கும் அடுத்த ஆண்டு பெர்மிட் புதுப்பிக்கப்பட்டது, அதே 18 வெள்ளிக்கு.