சேத்துப் புண்

அக்டோபர் 27, திங்கள்

ராத்திரி பஸ் பிடித்து வந்து நேராக வார்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அப்பா கேட்டது, "வடவாத்துல தண்ணி எவ்வளவு ஓடுது, பாத்தியா ஆயி?" தூங்கிவிட்டேன், பார்க்கவில்லை என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எடை 45 கிலோ. ஆடி மாதம் நெல் மூட்டை எடைபோடும்போது தானும் ஏறி நின்று 58 என்று சொன்னவர். வயிறு உப்பி இருக்கிறது. ஒரு வாய் கஞ்சி கூட நிற்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. நான்கு முறை வாந்தி.

அக்டோபர் 29, புதன்

இன்று புதிதாக ஒரு டாக்டர் வந்தார். சின்னப் பெண். பழைய ஃபைலைக் கட்டிலிலேயே உட்கார்ந்து முதலிலிருந்து புரட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் என்ற வெள்ளை அணு 18 சதவீதம், இருக்க வேண்டியதைவிட அதிகம். அதற்கடுத்து எடுத்ததில் 16. இரண்டுக்கும் பக்கத்தில் யாரோ 'அலர்ஜி' என்று எழுதியிருக்கிறார்கள்.

"ஐயா என்ன வேலை பாத்தீங்க?"

"வெவசாயம்தாம்மா. வேற என்ன?"

"வயல்ல செருப்பு போட்டுப்பீங்களா?"

அப்பாவுக்கு அந்த நிலைமையிலும் கோபம் வந்தது. "வயல்ல யாராச்சும் செருப்போட எறங்குவாங்களாம்மா?" வரப்பில் கழற்றி வைத்துவிட்டு, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்குவதுதான் எங்கள் வழக்கம். என்னையும் அப்படித்தான் இறக்கிவிட்டார்.

இடுப்பில், தொடையில் கோடு கோடாகத் தடித்து அரித்திருக்கிறதா என்று கேட்டார் டாக்டர். அம்மாதான் பதில் சொன்னாள். "ஆமாம்மா, பூரான் ஊர்ந்த மாதிரி வரும். காலையில ஒரு எடத்துல இருக்கும், மத்தியானம் நாலு விரக்கடை தள்ளிப் போயிருக்கும். கொஞ்ச நாள்ல காணாமப் போயிடும். நான் குப்பைமேனி அரைச்சுப் பூசுவேன்." எத்தனை வருஷமாக என்று கேட்டதற்கு, "கல்யாணம் ஆன நாள்லேருந்து" என்றாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

அக்டோபர் 31, வெள்ளி

முதல் மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. "ஒரு தடவை பாத்தா பெரும்பாலும் தப்பிச்சிடும், திரும்பக் குடுங்க" என்று டாக்டரே டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் தன் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். வெளிச்ச வட்டத்துக்குள் ஒரு இழை துள்ளிக்கொண்டிருந்தது. கால் மில்லிமீட்டர்தான் இருக்குமாம்.

ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்று பெயர். உருளைப்புழுக்களில் ஒரு வகை. நர்ஸம்மா "பூச்சிதான்" என்று அம்மாவிடம் சொன்னார். "பூச்சிக்கா இந்தப் பாடு?" என்று அம்மா என்னைக் கேட்கிறாள்.

நவம்பர் 1, சனி

தூக்கம் வரவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து விடியும்வரை படித்தேன். புரிந்ததை எழுதி வைத்தால்தான் தம்பிக்குப் போனில் ஒழுங்காகச் சொல்ல முடியும்.

இது வாய் வழியாக வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத குட்டிப் புழு ஈர மண்ணில் காத்திருக்கிறது. வெறுங்கால் பட்டதும் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. அந்த இடம் அரிக்கும். நாம் சேத்துப் புண் என்று மஞ்சள் வைத்துவிட்டுப் போய்விடுவோம். அது ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறுகிறது. எச்சிலோடு விழுங்கப்பட்டுச் சிறுகுடலுக்கு வந்து வளர்கிறது. பெண் புழு இரண்டு மில்லிமீட்டர் நீளம். முட்டையிட ஆண் புழு வேண்டியதில்லை.

நாக்குப்பூச்சியோ கொக்கிப்புழுவோ என்றால் முட்டை மலத்தோடு வெளியே போயாக வேண்டும். வெளியே இருந்து புதிதாக ஒன்று வந்தால்தான் எண்ணிக்கை கூடும், இல்லையென்றால் இருப்பவை சில வருஷத்தில் செத்துப்போகும். இது வேறு மாதிரி. முட்டை குடலுக்குள்ளேயே பொரிந்துவிடுகிறது. அந்தக் குட்டிகளில் சில வெளியே போகாமல் குடல் சுவரையோ ஆசனவாய் ஓரத் தோலையோ துளைத்து மறுபடி உடம்புக்குள்ளேயே நுழைந்துகொள்கின்றன. மறுபடி ரத்தம், நுரையீரல், தொண்டை, குடல். அம்மா குப்பைமேனி பூசிய கோடு அது போன தடம். ஒரு மணி நேரத்தில் ஐந்து, பத்து சென்டிமீட்டர் ஓடுமாம். அறுபது வருஷத்துக்கு மேலும் ஒரே உடம்பில் இருந்ததாகப் பதிவு இருக்கிறது.

அப்பாவுக்கு 67 வயது. ஏழு வயதில் நாற்று முடி தூக்கப் போனதாகச் சொல்வார்.

எத்தனை வருஷமானாலும் உடம்பின் எதிர்ப்பு சக்தி அதை அடக்கியே வைத்திருக்கும். அதை யாராவது தட்டி எடுக்கும்வரை.

நவம்பர் 2, ஞாயிறு

வெள்ளை மாத்திரை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. எதிர்ப்பு சக்தியை அமுக்குவது. ஜூலையில் இழுப்பு அதிகமாக இருக்கிறது என்று ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார். முதல் வாரம் குறைந்த மாதிரிதான் இருந்தது. ஊர் மெடிக்கலில் சில நாள் கிடைக்காது என்று சென்னையிலிருந்து நானே மாதாமாதம் வாங்கி அனுப்பினேன். டப்பாவில் காலை, ராத்திரி என்று ஸ்டிக்கர் ஒட்டினேன். தினமும் எட்டு மணிக்கு போன் செய்து "போட்டீங்களா அப்பா?" என்று கேட்டேன். ஒரு நாள்கூட விடவில்லை. நானும் விடவில்லை, அவரும் விடவில்லை.

அந்த இழுப்பே புழு நுரையீரலைக் கடந்து போனதால் வந்ததாக இருக்கலாம் என்கிறார் டாக்டர்.

ஸ்டீராய்டு கொடுப்பதற்கு முன் இந்தப் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது புதிய விஷயமே இல்லை. கோவிட் சமயத்தில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்ததும் இது கிளம்பிவிட்ட நோயாளிகளைப் பற்றி 2020லிருந்தே டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். புழு இருந்தாலும் ஈசினோபில் கூடும். அந்தக் கிளினிக்கில் ஈசினோபில் 18 என்ற தாள் மேசை மேலேயே இருந்தது. நான்தான் எடுத்து வைத்தேன்.

இப்போது அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் முடியாதாம். இத்தனை மாதத்தில் உடம்பு தானாகச் சுரப்பதை விட்டிருக்கும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டுமாம்.

நவம்பர் 3, திங்கள்

விடியற்காலை நடுங்கும் குளிர் ஜுரம். சளியிலும் புழு தெரிகிறது. ரத்தத்தில் ஈ. கோலை வளர்ந்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் பெருகிய புழுக்கள் குடலைத் துளைத்துக்கொண்டு போகும்போது அங்கிருக்கும் கிருமியையும் ரத்தத்துக்குள் இழுத்துப் போகின்றன. ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் கிருமிதான் என்று நான் படித்திருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

கழுத்து விறைத்துவிட்டது. என்னைப் பெரியத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கையெழுத்து நான் போட்டேன். ஐசியூ.

நவம்பர் 5, புதன்

பெரிய கோயிலில் அன்னாபிஷேகம். அப்பா வாயில் சோறு பட்டுப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது.

நவம்பர் 6, வியாழன்

ஐவர்மெக்டின். ஒரு கிலோ எடைக்கு 200 மைக்ரோகிராம். 45 கிலோவுக்கு 9 மில்லிகிராம், அதாவது ஆறு மில்லிகிராம் மாத்திரை ஒன்று, மூன்று மில்லிகிராம் ஒன்று. பொடித்து மூக்குக் குழாய் வழியாக விடுகிறார்கள். சாதாரணமாக இந்தப் புழு இருப்பவர்களுக்கு ஒரு நாள் அல்லது இரண்டு நாள் கொடுத்தால் போதும். அப்பா மாதிரி மீறிப் போனவர்களுக்குத் தினமும். மலமும் சளியும் புழு இல்லாமல் வந்து, அதன் பிறகும் இரண்டு வாரம்.

குடல் அசையவே இல்லை என்பதுதான் பயம். குழாயில் விட்டது ரத்தத்தில் சேருமா? இந்த மாதிரி சமயத்தில் கால்நடைக்கான ஊசியைத் தோலுக்கடியில் போட்டு மனிதர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள், அது கடைசி வழி, இப்போதைக்குக் காத்திருப்போம் என்றார் டாக்டர்.

மருந்துப் பெயரைக் கேட்டதும் அம்மா, "நம்ம செவப்பிக்கு மாட்டு டாக்டர் போட்டாரே, அதுவா?" என்றாள். அதேதான். செவப்பிக்குப் போட்டபோது கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்பா.

நவம்பர் 7, வெள்ளி

மாற்றம் இல்லை. பார்வையாளர் நேரம் பத்து நிமிஷம். போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தேன். பித்தவெடிப்பு. விரலிடுக்கில் பழைய தழும்புகள்.

நவம்பர் 8, சனி

இந்தப் புழுவை முதலில் கண்டது 1876இல், பிரான்ஸில் தூலோன் துறைமுகத்தில். இப்போது வியட்நாமின் தென்பகுதியாக இருக்கிற கொச்சின் சீனாவிலிருந்து வயிற்றுப்போக்கோடு திரும்பிய பிரெஞ்சுச் சிப்பாய்களிடம். அப்புறம் சயாம்-பர்மா ரயில் பாதை. ஜப்பானியர் பிடித்துப்போய் 1942, 43இல் அந்தப் பாதையைப் போடவைத்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளைப் பல பத்தாண்டுகள் கழித்துச் சோதித்தபோதும் குடலில் இது இருந்தது. வீடு திரும்பி, வேலை பார்த்து, பேரன் பேத்தி எடுத்த பிறகும்.

அதே பாதையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் வெறுங்காலோடு மண் சுமந்தார்கள். பலர் அங்கேயே செத்தார்கள். தப்பித் திரும்பியவர்கள் வயிற்றுக்குள் இதைச் சுமந்துகொண்டு தோட்டத்துக்கும் ஊருக்கும் வந்திருப்பார்களே. நான் படித்த எதிலும் அவர்களைக் கூப்பிட்டுச் சோதித்ததாக ஒரு வரி இல்லை. திரும்பத் திரும்பத் தேடிவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அம்மாவுக்கும் எனக்கும் ரத்தமும் மலமும் எடுத்தார்கள். வீட்டில் ஒருவரைத் தொட்டால் ஒட்டிக்கொள்வது இல்லை, ஆனால் ஒரே மண்ணில் நடந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சிங்கப்பூரில் இருக்கும் தம்பியையும் பார்க்கச் சொன்னேன். "எனக்கு எதுக்கு, நான் ஊரை விட்டு வந்து பன்னண்டு வருஷமாச்சு" என்றான். பன்னிரண்டு வருஷமெல்லாம் இதற்கு ஒரு கணக்கா? கத்திவிட்டேன். அப்புறம் அவன் அழுதான்.

சித்தி மகள் அங்கன்வாடியில் இருக்கிறாள். "பிள்ளைங்களுக்குக் குடுக்குற பூச்சி மாத்திரையைப் பெரியப்பாவுக்கும் குடுத்திருப்பேனேக்கா" என்று அவளும் அழுகிறாள். அந்த அல்பெண்டசோல் 400 ஒரு வேளை கொடுத்தால் நாக்குப்பூச்சி போகும், இதை அசைக்கப் போதாது என்று சொன்னேன். அவள் ஆறட்டும் என்றுதான் சொன்னேன். அது உண்மையும்கூட.

நவம்பர் 11, செவ்வாய்

கண் திறந்தார். "நடவு வயல்ல தண்ணி வடிஞ்சிதா ஆயி?"

வடிந்துவிட்டது என்றேன். வடியவில்லை.

நவம்பர் 12, புதன்

குடல் சத்தம் கேட்கிறது என்றார் டாக்டர். ஸ்டெதஸ்கோப்பை என் காதிலும் வைத்தார். தூரத்தில் மோட்டார் இறைக்கிற மாதிரி ஒரு சத்தம்.

நவம்பர் 13, வியாழன்

அம்மாவுக்கும் இருக்கிறது. எனக்கு இல்லை.

வாய்க்கால் கரைக் கருவேலங்காட்டுக்குத்தான் ஊரே போகும். நான் எட்டாவது படிக்கும்வரை நானும் போனேன். மழை வந்தால் அங்கே இருப்பதெல்லாம் வாய்க்காலில் கலந்து வயலில் பாயும். மறுநாள் அதே சேற்றில் நடவு. வரிசையாக இருபது பெண்கள், முழங்கால் வரை, காலை ஏழு மணியிலிருந்து. அம்மா அந்த வரிசையில் முப்பது வருஷம் நின்றிருக்கிறாள். எனக்குக் கக்கூஸ் கட்டித் தர வேண்டும் என்று அப்பா ஒரு வருஷ உளுந்து விற்ற பணத்தை எடுத்தார். கட்டிய பிறகும் அவர்கள் இரண்டு பேரும் கரைக்குத்தான் போனார்கள், தொட்டி சீக்கிரம் நிறைந்துவிடுமாம்.

நவம்பர் 14, வெள்ளி

அம்மா மாத்திரை போட்டுவிட்டாள். நாளை இன்னொரு வேளை. அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக முடிந்திருக்க வேண்டியது.

நவம்பர் 15, சனி

கீழவாசலில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி வாங்கினேன். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டு நாத்தங்காலை மிதிக்கச் சொல்றியா?" என்றாள். சேற்றில் புதைந்தால் இழுக்க முடியாது, நடவுக்கு ஒத்துவராது என்பது எனக்கும் தெரியும். உரம் போட, வரப்பு வெட்டவாவது போட்டுக்கொள்ளட்டும். பதில் சொல்லாமல் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு

வார்டுக்கு மாற்றினார்கள். மூன்று ஸ்பூன் கஞ்சி, வாந்தி இல்லை. சளியில் புழு இல்லை. மலத்தில் இன்னும் ஒன்றிரண்டு, அசைவு குறைவாக இருக்கிறதாம்.

எட்டு மணி ஆனதும் என்னை அறியாமல் கை போனைத் தேடியது.

நவம்பர் 18, செவ்வாய்

மலத்திலும் இல்லை. முதல் நாள். இனி பதினான்கு எண்ண வேண்டும். காலண்டர் தாளின் பின்பக்கம் பதினான்கு கட்டம் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

அப்பாவிடம் இன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை மாத்திரையையும். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "நீ போன் பண்ணுவேன்னுதான் எட்டு மணிக்குக் காத்திருந்து போடுவேன்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 19, புதன்

இரண்டாவது கட்டம். காலையில் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். செருப்பை எடுத்து வைத்தேன். பாதம் வீங்கி நுழையவில்லை. வெறுங்காலோடு தரையில்