ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க

டூவீலர் சர்வீஸ் சென்டரில் அட்வைசர் வேலை என்றால் காலை நேரம் முழுக்க போன் காதிலேயே இருக்கும். "நேத்து ராத்திரி நல்லா ஓடுச்சு சார், இப்போ ஸ்டார்ட்டே ஆகல" என்றுதான் பெரும்பாலான அழைப்புகள் ஆரம்பிக்கும். பேட்டரி, பெட்ரோல் எல்லாம் போக, அடிக்கடி மாட்டுவது வலது கைப்பிடியில் இருக்கும் சிவப்பு கில் ஸ்விட்ச், அதாவது இன்ஜினை நிறுத்தும் ஸ்விட்ச். அது ஆஃபில் இருந்தால் வண்டி கிளம்பாது.

"கில் ஸ்விட்ச் ஆன்ல இருக்கான்னு மட்டும் கேட்டுடாத தம்பி" என்று எனக்கு வேலை பழக்கிய சீனியர் சொன்னார். காரணம் சீக்கிரமே புரிந்துவிட்டது. அப்படிக் கேட்டால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. "அதெல்லாம் பாத்தாச்சு சார்" என்று சூடாகப் பதில் வரும். பத்து வருஷமாக வண்டி ஓட்டுகிறவரிடம் கேட்கிற கேள்வியா இது என்ற கோபம்.

அதனால் இப்படிச் சொல்வோம்: "ஸ்விட்ச் காண்டாக்ட்ல ஈரம் இருக்கலாம் சார். அந்தச் சிவப்பு ஸ்விட்சை ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு செல்ஃப் அடிங்க." சில நொடியில் இன்ஜின் சத்தம் போனிலேயே கேட்கும். "ஈரம்தான் போல சார்" என்பார். "ஆமா சார், மழை நேரம்ல" என்பேன். இது முழுப் பொய்யும் இல்லை. வெளியிலேயே நிற்கும் வண்டிகளில் காண்டாக்டில் களிம்பு ஏறி, இப்படி நாலு முறை தட்டிய பிறகு வேலை செய்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மறந்துவிடுகிறவர்களை முட்டாள் என்று நான் நினைத்ததில்லை. சாவியைத் திருப்பினால் மீட்டர் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது. எல்லாம் சரியாக இருப்பதாகத்தானே தோன்றும்? பல மாடல்களில் கில் ஸ்விட்ச் ஆஃபில் இருந்தால் செல்ஃபே சுற்றாது, உடனே பேட்டரி மேல் பழி விழும். சிலவற்றில் செல்ஃப் சுற்றும், ஆனால் இன்ஜின் பிடிக்காது. இதுதான் மோசம், அழுத்தி அழுத்தியே நல்ல பேட்டரியை இறக்கிவிடுவார்கள். பழைய கார்புரேட்டர் வண்டியை உதைத்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் உள்ளே போய் பிளக் நனைந்துவிடும். அதற்கப்புறம் ஸ்விட்சைக் கண்டுபிடித்துப் போட்டாலும் லேசில் கிளம்பாது, பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின், கார்புரேட்டருக்குப் பதில் பம்ப் வைத்து பெட்ரோலைத் தெளிக்கும் எஃப்ஐ வண்டிகள் பெருகியது எங்களுக்கு ஒரு வசதி. சாவி போட்டதும் டேங்க் பக்கம் 'உய்ங்' என்று பம்ப் ஓடும். கில் ஸ்விட்ச் ஆஃப் என்றால் பல வண்டிகளில் அந்தச் சத்தம் வராது. "டேங்க்ல சத்தம் கேக்குதா சார்?" என்று விசாரித்தாலே பாதி விடை கிடைத்துவிடும், யார் மனமும் நோகாது.

ஆஃப் செய்வது பெரும்பாலும் ஓட்டுகிறவரே இல்லை. வண்டி மேல் ஏறி விளையாடும் வாண்டுகள், ஸ்டாண்டில் நெருக்கி நகர்த்தும் கைகள், இல்லையென்றால் குசும்பு பிடித்த நண்பர்கள். இந்த ஸ்விட்சே இல்லாத சாதாரண வண்டியிலிருந்து பெரிய பைக்குக்கு மாறியவருக்கு அது அங்கே இருப்பதே நினைவில் இருக்காது. சிக்னலில் கட்டைவிரலால் தட்டி நிறுத்துகிறவர்களும் உண்டு. அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்காது, அப்படியே இறங்கிப் போனால் சாவி ஆனில் கிடந்து பேட்டரியைத் தின்னும். வண்டி சரிந்தாலோ ஆக்சிலரேட்டர் கேபிள் மாட்டிக்கொண்டாலோ, பிடியை விடாமல் இன்ஜினை நிறுத்தத்தான் அது அங்கே இருக்கிறது.

வீட்டுக்கே போய்ப் பார்க்கும் மெக்கானிக்குகள் சிலர் பிளக் கேப்பைத் தொட்டு, சீட்டைத் திறந்து மூடி, போகிற போக்கில் ஸ்விட்சைத் தட்டிவிடுவார்கள். வாடிக்கையாளரின் மானம் காப்பாற்றப்படும், சரி. அதற்கு 'பிளக் கிளீனிங்' என்று பில் போடுவதில்தான் எனக்கும் அவர்களுக்கும் சண்டை. செய்த வேலைகளை எழுதும் ஜாப் கார்டில் அப்படி எழுதியிருந்தால் நான் அதை அடித்து நீக்கிவிடுவேன்.