மூன்று யார்டுக் காலம்: ஒரு ஈகிள்ஸ் ரசிகனின் நாட்குறிப்பு, 2025

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அமெரிக்கக் கால்பந்தில் என் அணி பிலடெல்பியா ஈகிள்ஸ். ஞாயிறு மாலை அதன் மைதானமான லிங்கன் ஃபைனான்ஷியல் ஃபீல்டில் பொதுமக்கள் முன்னிலையில் நடந்த பயிற்சியில் ஓட்டக்காரருக்கு வழி திறந்துவிடும் முன்வரிசை ஐவரில் ஒருவரான இடது கார்டு லேண்டன் டிக்கர்சனுக்கு முழங்காலில் அடி. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அறுவைச் சிகிச்சை என்று இப்போது செய்தி. அலுவலகத்தில் யாருக்கும் பெரிய கவலை இல்லை. "சாக்வான் பார்க்லி நலமாக இருக்கிறார் அல்லவா, போதும்" என்கிறார்கள். பார்க்லி எங்கள் ஓட்டக்காரர், போன பருவத்தில் 16 ஆட்டங்களில் 2005 யார்டு ஓடியவர். 345 முறை பந்தைச் சுமந்து, முறைக்கு 5.8 யார்டு. அப்படி ஒருவர் இருக்கும்போது இடது கார்டின் முழங்காலைப் பற்றி யார் நினைப்பார்கள்?

பக்கத்து வீட்டுப் பெரியவர் நினைக்கிறார். எழுபதுகளில் பள்ளி அணியில் கார்டு ஆடியவர். முழங்கால் இன்றும் அதற்குச் சாட்சி. வேலியோரம் நின்று விரல்விட்டு எண்ணினார். இடது கார்டு டிக்கர்சனுக்கு முழங்கால். நடுவில் நிற்கும் சென்டர் கேம் ஜர்கன்ஸுக்கு போன பருவத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலுக்குப் பிறகு முதுகில் அறுவை. வலது கார்டு மெக்கை பெக்டன் சார்ஜர்ஸ் அணிக்குப் போய்விட்டார், அந்த இடத்துக்கு டைலர் ஸ்டீன் புதியவர். ஆட்டத் திட்டம் வகுத்த கெல்லன் மூர் நியூ ஆர்லியன்ஸின் தலைமைப் பயிற்சியாளராகிவிட்டார். இங்கேயே இருந்த கெவின் பட்டுல்லோ அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறார்.

"ஐந்து பேர் வரிசையில் நடுவில் உள்ள மூன்று பேருமே கேள்விக்குறி. அக்டோபர் வரை ஓட்டம் வராது, எழுதி வைத்துக்கொள்" என்றார். எழுதி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

நேற்று இரவு டல்லஸுடன் முதல் ஆட்டம். மின்னலால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தடை. நள்ளிரவு தாண்டித்தான் முடிந்தது. 24-20 வெற்றி. நம் தடுப்பாட்டக்காரர் ஜேலன் கார்ட்டர் முதல் பந்து நகர்வதற்கு முன்பே எதிரணியின் பந்தெறியும் ஆளான குவார்ட்டர்பேக் மீது துப்பி வெளியேற்றப்பட்டார். அதைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கமே நாறும்.

பார்க்லி 18 முறை சுமந்து 60 யார்டு. ஒவ்வொரு முறையும் வரிசைக்குப் பின்னாலேயே யாரோ ஒருவர் அவர் இடுப்பைப் பிடித்துவிடுகிறார். டிக்கர்சன் அதற்குள் திரும்பி வந்து ஆடினார். பாதியில் முதுகு பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்தார்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வரி: பந்தை முன்னேற்ற இரண்டே வழி, குவார்ட்டர்பேக் எறியலாம் அல்லது ஒருவர் சுமந்துகொண்டு ஓடலாம். நான்கு வாய்ப்புக்குள் 10 யார்டு. முறைக்கு நான்கரை வந்தால் வண்டி ஓடும். மூன்று வந்தால் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

செப்டம்பர் 15, திங்கள்

கேன்சஸ் சிட்டியில் 20-17 வெற்றி. பார்க்லி 22 முறை, 88 யார்டு. பரவாயில்லை ரகம்.

ஆனால் ஒரு விஷயம் இரவெல்லாம் குடைந்தது. ஒரு யார்டு மட்டும் தேவைப்படும்போது குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸைப் பின்னாலிருந்து தள்ளும் அந்தப் புகழ்பெற்ற ஆட்டத்தில் இதே ஐந்து பேர் எதிரணியை மதில் சரிவதுபோலச் சரிக்கிறார்கள். அதே ஆட்கள் பார்க்லிக்கு ஏன் வழி விட முடியவில்லை?

காலையில் பெரியவரைக் கேட்டேன். "தள்ளும் ஆட்டத்தில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தலையைத் தாழ்த்தி நேரே போகவேண்டும், அவ்வளவுதான். சாதாரண ஓட்டத்தில் எதிரே இருப்பவன் நகர்கிறான். அவனை யார் பிடிப்பது, எப்போது விடுவது, அடுத்தவன் எங்கே வருகிறான் என்பதையெல்லாம் பக்கத்தில் நிற்பவனோடு சேர்ந்து அரை நொடியில் முடிவு செய்யவேண்டும். பேசிக்கொள்ள நேரம் கிடையாது."

அந்தச் சேர்மானம் எங்கே கிடைக்கும்? பயிற்சியில் கிடைக்கவேண்டும். வீரர் சங்கத்தோடு போட்ட 2011 ஒப்பந்தத்திலிருந்து ஒரு நாளில் இரண்டு முறை கவசத்தோடு மோதும் பயிற்சி ஒழிந்துவிட்டது. பருவம் தொடங்கிய பின் முழுக் கவசப் பயிற்சி மொத்தமே 14 நாள்தான். வீரர்களின் மூளைக்கும் மூட்டுக்கும் நல்லது. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளைவு ஒன்று இருக்கிறது. பந்தெறிவதை அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு கோடையெல்லாம் பழகலாம். முட்டித் தள்ளுவதை முட்டித்தான் பழகமுடியும். ஆகஸ்ட் மாத முன்னோட்ட ஆட்டங்களிலோ முதன்மை வீரர்களைக் காயத்துக்குப் பயந்து உட்கார வைத்துவிடுகிறார்கள். ஆக, ஓட்டத்துக்கான உண்மைப் பயிற்சியே செப்டம்பர் மாத ஆட்டங்கள்தான். டிக்கெட் வாங்கிப் போய் ஒத்திகை பார்க்கிறோம்.

ஊரில் தேர் நிலையை விட்டுக் கிளம்பும் நேரம் நினைவுக்கு வருகிறது. வடத்தில் நூறு பேர் இருந்தாலும் முதல் அசைவு மட்டும் வரவே வராது. ஒரு பக்கம் முந்தி இழுக்கும், மறுபக்கம் அப்போதுதான் வடத்தைக் கையில் எடுக்கும்.

செப்டம்பர் 22, திங்கள்

ராம்ஸ் 26-7 என்று முன்னால் போனார்கள். ஈகிள்ஸ் ஓட்டத்தைக் கைவிட்டு எறியத் தொடங்கியது, பந்துபிடிப்பவர் ஏ.ஜே. பிரவுன் விழித்துக்கொண்டார், 33-26 வெற்றி. பார்க்லி 18 முறை, 46 யார்டு. முன்வரிசையின் வலது கோடியில் நிற்கும் டேக்கிள் லேன் ஜான்சன் ஆரம்பத்திலேயே கழுத்து நரம்புப் பிடிப்பால் போய்விட்டார்.

கடைசி நொடியில் ராம்ஸ் உதைத்த பந்தை நம் ஜோர்டன் டேவிஸ் தடுத்து, அள்ளிக்கொண்டு 61 யார்டு ஓடி எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். நூற்றைம்பது கிலோ மனிதர். என் மகள் கணக்குப் போட்டுச் சொன்னாள்: "அப்பா, அவர் ஒரே ஓட்டத்தில் ஓடியது பார்க்லி ஆட்டம் முழுக்க ஓடியதைவிட அதிகம்." பன்னிரண்டு வயது. வீட்டில் இரக்கம் என்பதே கிடையாது.

செப்டம்பர் 29, திங்கள்

டேம்பாவில் 31-25. நாலுக்கு நாலு வெற்றி. பார்க்லி 19-க்கு 43. ஹர்ட்ஸ் இரண்டாம் பாதியில் எறிந்த எட்டில் ஒன்றுகூடச் சேரவில்லை. ஜெயிக்கும் அணியைத் திட்டிக்கொண்டிருக்கும் ஊர் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். நானும் சேர்ந்து திட்டினேன்.

அக்டோபர் 6, திங்கள்

டென்வரிடம் முதல் தோல்வி, 21-17. கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது 17-3 என்று முன்னணியில் இருந்தோம். அந்த நேரத்தில் பந்தைச் சுமந்து கடிகாரத்தைத் தின்னவேண்டும். பார்க்லிக்கு ஆட்டம் முழுவதும் கொடுத்தது ஆறே ஆறு முறை. 30 யார்டு. அதாவது முறைக்கு ஐந்து! கொடுத்தால் வந்திருக்கும் அன்றைக்குக் கொடுக்கவில்லை. ஓட்டம் வரவில்லை என்பதால் ஓட விடுவதில்லை. ஓட விடாததால் ஓட்டம் வருவதில்லை.

அலுவலகத்தில் இன்று தீர்ப்பு வழங்கிவிட்டார்கள்: பார்க்லி தேய்ந்துவிட்டார். போன பருவத்தின் முடிவில் நடந்த நாக்-அவுட் ஆட்டங்களையும் சேர்த்து 482 முறை பந்து அவர் கையில் இருந்தது, அத்தனை முறையும் யாராவது அவரை மோதியிருக்கிறார்கள் என்பது வாதம். வலுவான வாதம்தான். அவருக்கு முன் 2000 யார்டைத் தாண்டியவர்கள் எட்டுப் பேர். அடுத்த ஆண்டு ஒருவர்கூட 1500-ஐத் தொடவில்லை. பாரி சாண்டர்ஸ் 1998-இல் 1491 வரை வந்தார். டெரல் டேவிஸுக்கு நான்காவது ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. டெரிக் ஹென்றி எட்டு ஆட்டத்தோடு காலொடிந்து உட்கார்ந்தார்.

ஆனால் எனக்கு ஒப்பவில்லை. தேய்ந்த ஓட்டக்காரர் எப்படித் தெரிவார்? திறந்த வெளி கிடைத்தும் பின்னாலிருந்து பிடிபடுவார். ஒருவனைத் தாண்டவேண்டிய இடத்தில் விழுவார். நேற்று 47 யார்டு டச்டவுனுக்குப் பந்தைப் பிடித்துக்கொண்டு அவர் போனதைப் பார்த்தவர்கள் கால் தேய்ந்தது என்று சொல்லமாட்டார்கள். அவருக்கு ஓட இடமில்லை என்பதுதான் உண்மை. அதோடு, எதிரணிகள் கோடையெல்லாம் அவர் ஒருவரைத் தடுப்பதற்கே படித்து வந்திருக்கின்றன. அதன் தொடக்கம் சூப்பர் பவுலிலேயே தெரிந்தது: 40-22 என்று நசுக்கிய ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்தது 25 முறைக்கு 57 யார்டு. கேன்சஸ் சிட்டி அவரைத் தடுத்தது, ஹர்ட்ஸ் தண்டனை கொடுத்தார். இந்த ஆண்டு தண்டனை வரவில்லை, ஆகவே எல்லாரும் தைரியமாக முன்னேறி நிற்கிறார்கள்.

அக்டோபர் 10, வெள்ளி

நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 34-17 தோல்வி. எதிரணியின் புதுமுகம் கேம் ஸ்கட்டபோ மூன்று டச்டவுன் ஓடினார். நமக்கு 12-க்கு 58. ஜர்கன்ஸுக்கு இப்போது முழங்கால். எழுதக் கை வரவில்லை.

அக்டோபர் 11, சனி

பெரியவர் எங்கள் புலம்பல் தாங்காமல் இருவரையும் தோட்டத்துக்கு அழைத்தார். "என்னை ஒரு தடுப்பாட்டக்காரனாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் தள்ளவேண்டும். எனக்குப் பின்னால் அந்த மேப்பிள் மரம் இருக்கிறதே, அதுதான் லைன்பேக்கர், அதாவது இரண்டாம் வரிசைத் தடுப்பாட்டக்காரன். நான் நகர்ந்ததும் உங்களில் ஒருவர் என்னை விட்டுவிட்டு மரத்துக்கு ஓடவேண்டும்."

எழுபதைத் தொடும் மனிதர், கெட்டுப்போன முழங்கால். எளிதென்று நினைத்தேன். முதல் முறை நான் முந்திவிட்டேன், மகள் பிந்திவிட்டாள். அவர் இடுப்பை லேசாகத் திருப்பி எங்கள் இருவருக்கும் நடுவே வழுக்கிப் போய்விட்டார். இரண்டாம் முறை தள்ளினோம், ஆனால் இருவரும் மரத்துக்கு ஓடினோம். அவர் நின்ற இடத்திலேயே சிரித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் முறை இருவருமே அவரை விடவில்லை, மரம் சும்மா நின்றது. "மரம் இப்போது பார்க்லியை விழுத்தாட்டிவிட்டது" என்றார்.

இடுப்போடு இடுப்பு ஒட்டியிருக்கவேண்டுமாம். இருவர் தோளுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாதாம். கண் மரத்தின் மேல், உடம்பு அவர் மேல். மரம் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கத்து ஆள் விலகவேண்டும். பதினைந்தாவது முறையோ என்னவோ, மகள் என்னைத் தோளால் ஒரு இடி இடித்தாள். போ என்று அர்த்தம். போனேன். அவர் இரண்டு அடி பின்னால் போய்ப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்போது நடுவில் புதிய ஆளைப் போடு, திங்கட்கிழமை வேறொருவனைப் போடு, எதிரே நிற்பவனுக்கு நூற்றைம்பது கிலோ கொடு" என்று உட்கார்ந்தபடியே சொன்னார். அவர் மனைவி ஐஸ் பொட்டலத்தோடு வந்து எங்கள் இருவரையும் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை.

அக்டோபர் 20, திங்கள்

மினசோட்டாவில் 28-22. பார்க்லி மறுபடி 18-க்கு 44. ஆனாலும் நேற்றைய ஆட்டம் வேறு மாதிரி இருந்தது.

இதுவரை ஹர்ட்ஸ் பெரும்பாலும் சென்டருக்கு ஐந்து யார்டு பின்னால் நின்று பந்தை வாங்குவார்; பார்க்லி பக்கத்தில் நிற்பார். பந்து கைக்கு வரும்போது ஓட்டக்காரர் நின்ற நிலை. நேற்று ஹர்ட்ஸ் பலமுறை சென்டரின் முதுகை ஒட்டி நின்றே வாங்கினார். பார்க்லி ஏழெட்டு யார்டு பின்னால் இருந்து வேகம் எடுத்து வருகிறார், எந்தப் பக்கம் போகிறார் என்று எதிரணிக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. ஓட்டம் என்று நம்பி முன்னே பாய்ந்தவர்களின் தலைக்கு மேலே பந்து பறந்தது. ஹர்ட்ஸ் எறிந்த 23-இல் 19 சேர்ந்தது, 326 யார்டு, பந்தெறிதல் மதிப்பெண் 158.3. இந்தக் கணக்கில் அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது.

ஏழு ஆட்டத்துக்குப் பார்க்லியின் கணக்கு: 113 முறை, 369 யார்டு. முறைக்கு 3.3.

அக்டோபர் 27, திங்கள்

ஆட்டத்தின் இரண்டாவது நகர்விலேயே 65 யார்டு. டச்டவுன். நான் தேநீர்க் கோப்பையோடு அடுக்களையிலிருந்து வருவதற்குள் முடிந்துவிட்டது. மகள் போட்ட கூச்சலில் பாதித் தேநீர் தரையில்.

அதே ஜயன்ட்ஸ். 38-20. பார்க்லி 14-க்கு 150, இன்னொரு ஓட்டக்காரர் டேங்க் பிக்ஸ்பி 9-க்கு 104, அணி மொத்தம் 276 யார்டு. பார்க்லி கவட்டைத் தசையைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே உட்கார்ந்தும் இவ்வளவு.

இப்போது என் கோட்பாட்டுக்கு வருவோம். சேர்மானம் வேண்டும், அதே ஐவர் வேண்டும் என்று இரண்டு மாதமாக எழுதி வந்திருக்கிறேன். நேற்று சென்டரில் நின்றது ஜர்கன்ஸ் அல்ல, மாற்று ஆளான பிரெட் டோத். பெரிய பந்துபிடிப்பவர் ஏ.ஜே. பிரவுனும் இல்லை. ஆட்கள் குறைந்த நாளில்தான் வழி திறந்திருக்கிறது. டோத் நடுவில் ஆடிய இரண்டாம் வாரம் என்று சமாதானம் சொல்லலாம். ஜயன்ட்ஸ் முன்வரிசை ஓட்டத்தைத் தடுப்பதில் ஓட்டைப் பானை என்றும் சொல்லலாம். போன வாரம் மினசோட்டாவுக்கு விழுந்த அடியைப் படத்தில் பார்த்துவிட்டு நியூயார்க்காரர்கள் ஒரு எட்டு பின்னால் நின்றார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விளக்கம். நிரூபிக்க வழியில்லை.

அந்த 65 யார்டை ஆறு முறை போட்டுப் பார்த்தோம். முதல் முறை 26-ஆம் எண்ணை, அதாவது பார்க்லியை. பிறகு ஐவரையும் முறைக்கு ஒருவராக, இடது கோடியில் நிற்கும் ஜோர்டன் மைலாட்டாவிலிருந்து தொடங்கி. ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர் அவர். 2018-இல் இங்கே தேர்வாகும்வரை இந்த ஆட்டத்தை ஒரு தடவைகூட ஆடியதில்லை.

மாலையில் பெரியவரிடம் ஆகஸ்ட் மாதப் பக்கத்தைக் காட்டினேன். அக்டோபர் வரை வராது என்று சொன்னீர்களே, 26-ஆம் தேதி வந்துவிட்டது என்றேன். அவர் மகிழ்ந்த மாதிரி தெரியவில்லை.

"இந்த வாரம் ஆட்டம் இல்லை. அடுத்தது நவம்பர் 10, கிரீன் பே. அங்கே ஓடட்டும், அப்புறம் காட்டு" என்றார்.